வீணாகும் மயிரும் தூண்டில் தொழிலும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையிலுள்ள ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் காய்கறிச் சாகுபடியோடு கால்நடை வளர்ப்பும் குடியானவர்களுக்குத் துணையாயிருந்து வருகிறது. இறைச்சிக்கும் தோலுக்கும் எருவுக்கும் விலையுண்டு. ஆட்டு மயிருக்கும் கன்றின் வாலுக்கும் விலையில்லை என்பது பொதுவான எண்ணம். இது சரியன்று. அவற்றைப் பக்குவம் செய்யாமல் கெடுத்துவிடுவதே விலையின்மைக்குக் காரணமாகும்.

குளிர்ந்த மலையோடைகளில் வாழும் டிரௌட் மீன் பூச்சிகளை விரும்பித் தின்பது. ஆதலின் அதைப் பிடிப்போர் தூண்டில் முள்ளில் மயிரும் இறகும் கட்டிப் பூச்சியின் உருவமாக்குவர். நீலகிரி அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டில் இம்மீனுக்குப் பொரிப்பகம் ஏற்பட்டது. மேல்நாடுகளில் இவ்வகைத் தூண்டில் பெருவழக்கு. கன்றின் வால்மயிரும் வெள்ளாட்டு மயிரும் இதற்கு ஏற்ற சரக்குகளாம்.

தோல் பதனிடுமிடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மயிர் வலுவிழந்துவிடும். அது இதற்கு உதவாது. ஆகவே தோல் தொட்டிக்குப் போகுமுன்னரே மயிரை அடியோடு ஒட்டக் கத்தரித்தல் வேண்டும். நுனி வெட்டுண்ட மயிரை வாங்குவோர் விரும்பார். வாலாயின் எலும்பை நீக்கி, கொழுப்பைச் சுரண்டி, உப்புத் தடவி நிழலில் உலர்த்துக.

சாயமிடுமுன் கை பொறுக்கும் வெந்நீரில் மிதமான சோப்பிட்டு எண்ணெய்ப்பசை அறவே போகக் கழுவுதல் முக்கியம். பசை நின்றவிடத்தில் சாயம் பற்றாது. சலவைச் சோடா மயிரை அரிக்குமாதலால் விலக்கத்தக்கது. கம்பளிக்குரிய சாயத்தை வெந்நீரில் கரைத்து, மயிரை அமிழ்த்தி, பின்னர்ச் சிறிது காடி சேர்த்தால் நிறம் ஊன்றும். நீர் கொதிக்கலாகாது, கொதித்தால் வால்தோல் சுருங்கி மயிர் உதிரும். மஞ்சளால் அழகிய நிறம் வருமெனினும் வெயிலில் வெளிறிவிடும்.

இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதை அவசியம். அடைப்பான் நோயால் இறந்த கால்நடையின் மயிரைத் தொடவே கூடாது. இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக் கம்பளித் தொழிலாளர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோயால் மாண்டனர். நோய்வித்து சாதாரணச் சாயநீர்ச் சூட்டுக்கு அழியாது. திடீரென இறந்த கால்நடையை அறுக்காமல் கால்நடை மருத்துவருக்கு அறிவிப்பதே கடமை. அடுத்து, மான், கீரி முதலிய காட்டு விலங்குகளின் மயிரை விற்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இத்தனை பாடுபடுமளவுக்கு இதில் வருவாய் உண்டோவெனச் சிலர் கேட்கலாம். இது பயிர்த்தொழிலுக்கு ஈடாகாது, மெய்யே. வாங்குவோருக்கு மாதிரி அனுப்பி, அவர் வேண்டும் நீளமும் நிறமும் அறிந்த பின்னரே தொடங்குதல் நலம். ஆயின் முதலீடு சொற்பம். வேலையில்லாக் காலத்தில் வீட்டார் அனைவரும் செய்யக்கூடியது. கிராம அலுவலர்கள் இறைச்சிக் கூடத்தில் வாலையும் மயிரையும் தனியே சேர்க்கவும், சாயநீர் கிணற்றிலும் வாய்க்காலிலும் கலவாதிருக்கவும் ஏற்பாடு செய்வாராயின், குப்பைக்குப் போவது கூலியாகத் திரும்பும். ஒருவர் அனுப்பும் அழுக்குச் சரக்கு ஊர் முழுவதன் பெயரையும் கெடுக்குமாதலின், சுத்தமே இத்தொழிலின் மூலதனமென்று அனைவரும் உணர்தல் வேண்டும்.