படிக்கட்டும் வினைப்பயனா?

நடக்க இயலாதவரைக் கண்டால் "முன்வினை" என்பார் வைதிகர். பார்வையற்றவரைக் கண்டால் "தலைவிதி" என்பார். விதைத்தவன் எவன், அறுப்பவன் எவன் என்று கேட்டால் விடை வராது, விழியுருட்டல்தான் வரும்.

போலியோ பிஞ்சுக் கால்களை முடக்கியபோதும் இதையே செப்பினர். சொட்டு மருந்து வந்தது, குடிசைதோறும் சென்றது. இயற்கையாய்ப் பரவும் அக்கிருமி இந்தியாவில் இறுதியாய்த் தாக்கியது 2011 சனவரியில். 2014-இல் போலியோ அற்ற நாடு என்ற சான்றும் கிடைத்தது. சித்திரகுப்தன் தன் கணக்கேட்டை மூடிவிட்டானா? இல்லை தோழர்களே, ஆய்வுக்கூடம் அதைக் கிழித்தெறிந்தது!

ஏடு கிழிந்தது, எண்ணம் கிழியவில்லை. மருத்துவமனை வாயிலில் அது படிக்கட்டாய் நிற்கிறது. சக்கர நாற்காலியில் வந்தவரை இருவர் மூட்டைபோல் தூக்கிச் செல்கின்றனர். உள்ளே, பரிசோதனை மேசையோ மார்பளவு உயரம்! காது கேளாதவரின் பெயரைக் கூவிவிட்டு, "ஆளில்லை" என்று அடுத்த சீட்டை எடுக்கிறார் ஊழியர். பார்வையற்ற பெண்ணின் நோயை அவளிடம் சொல்லாமல், துணைக்கு வந்தவரிடம் சொல்கிறார் மருத்துவர். இவற்றுள் எதை ஆண்டவன் படைத்தான்? படியைக் கட்டியவர் கொத்தனார். வரைபடம் தந்தவர் பொறியாளர். ஒப்பம் இட்டவர் அதிகாரி!

"இரக்கம் காட்டுகிறோமே" என்பர். இரக்கத்தை யார் கேட்டார்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் அதன் எல்லாப் பகுதிகளும் தடையற்றிருக்க வேண்டும் என்கிறது; சிகிச்சையில் முன்னுரிமையும் தருகிறது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்தாண்டுத் தவணை. விதிகள் வந்தது 2017-இல், தவணை தீர்ந்தது 2022-இல். அணுகல் நெறிகள் வெறும் அறிவுரையாய் இருத்தலாகாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

"பணமில்லை" என்பாரும் உளர். தேர்ச் சக்கரம் உருள வீதியைச் செப்பனிடும் நாட்டில், நாற்காலிச் சக்கரம் உருளச் சரிவுப்பாதை அமைக்கவா பஞ்சம்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். அவர்கள் கேட்பது பிச்சையன்று, வழி!

இளைஞனே, அளவுநாடாவை எடு! ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு, கணக்கு அவ்வளவே. உன் ஊர் மருத்துவமனை வாயிலை அள, குறையை எழுது, ஆட்சியரிடம் கொடு, விடை வரும்வரை விடாதே. விதியை எவனும் அளந்ததில்லை. படியை அளக்கலாம், அளக்க முடிந்ததை இடிக்கவும் முடியும்!