பெயரைப் பார்த்து வாங்கிய சப்பாத்து



நோன்புப் பெருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கையில் எங்கள் வீட்டில் ஒரு யோசனை பிறந்தது. மாமிக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, இந்த முறை சேலை வேண்டாம், காலுக்கு இதமாக ஒரு நல்ல சப்பாத்து எடுத்துக் கொடுப்போம் என்று. மாமிக்கு நீரிழிவு வந்து பதினெட்டு வருடமாகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. கிளினிக்கில் டொக்டர் போன தடவையே சொல்லியிருந்தார்: "அம்மா, இந்த ரப்பர் பாட்டாவை விடுங்கோ. விரலை நெருக்காத, அடி மிருதுவான, குதிகாலைப் பிடித்து நிற்கிற பாதணி போடுங்கோ."

யாழ்ப்பாணத்தில் எந்தக் கொம்பனி செய்தாலும் ரப்பர் செருப்புக்குப் 'பாட்டா' என்றுதான் பெயர். அது நமது சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு கொம்பனியின் பெயர் பொருளின் பெயராகவே மாறிப் போனதற்கு அதைவிட நல்ல உதாரணமும் இல்லை. பெயருக்கு நாம் எவ்வளவு மயங்குகிறோம் என்பதற்கும்தான்.

என் மச்சி, மாமியின் இளைய மகள், கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். 'ஸ்கெச்சர்ஸ்' சப்பாத்து. உள்ளே பஞ்சு போன்ற மெத்தை. 'நூறு வீதம் ஒரிஜினல், பெருநாள் சலுகை, இன்னும் ஏழு சோடி மட்டுமே' என்று சிவப்பெழுத்தில் போட்டிருந்தது. விலை நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். அசல் சோடி இதைப் போல நாலைந்து மடங்கு விலை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது. ஆனால் மலிவாகக் கிடைக்கும்போது அந்த விலைக்கு ஒரு காரணத்தை நாமே கற்பித்துக் கொள்கிறோமே, அந்தப் பழக்கம்தான் எங்களைப் பிடித்தது. "ஃபெக்டரியில மிஞ்சினதாக்கும்" என்றாள் மச்சி. நானும் "இருக்கும்" என்றேன்.

இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நமது நாட்டில் 'ஃபெக்டரியில் மிஞ்சியது' என்ற பேச்சு முழுப் பொய்யல்ல. கட்டுநாயக்க போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்காகத் தைத்த உடுப்புகளில் மிஞ்சியவை உள்ளூர்க் கடைகளுக்கு வந்ததை நாம் எல்லோரும் வாங்கி உடுத்திருக்கிறோம். உடுப்பில் கண்ட அனுபவத்தைச் சப்பாத்துக்கும் அப்படியே பொருத்திப் பார்த்ததுதான் எங்கள் தவறு. பெயர் பெற்ற விளையாட்டுச் சப்பாத்துகள் பெரும்பாலும் வியட்நாம், சீனா, இந்தோனேசியா நாடுகளில்தான் செய்யப்படுகின்றன. ஆகவே 'வியட்நாமில் செய்தது' என்று எழுதியிருந்தால் போலி என்று நினைப்பதும் பிழை. எழுதியிருப்பதாலேயே அசல் என்று நம்புவதும் பிழை.

பொருள் வந்ததும் காசு கொடுக்கலாம் என்றார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய தைரியம். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொரியர் தம்பி வந்தார். "பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் காசு தரலாமா?" என்று கேட்டேன். "இல்லை ராத்தா, காசு தந்த பிறகுதான் திறக்கலாம், எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றார். அவர்மேல் குற்றமில்லை. அவர் சுமந்து வருகிறவர். ஆனால் பொருள் வந்ததும் காசு என்பது பொருளைப் பார்த்ததும் காசு என்பதல்ல என்று அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. திறந்ததும் பசை வாடை முகத்தில் அடித்தது. புதுச் சப்பாத்து அப்படித்தான் இருக்கும் என்று வெயிலில் வைத்தோம். மாமி பெருநாளன்று போட்டார். மறுநாள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகவும் அதையே போட்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சோக்கா இருக்கு" என்பார். பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்ததல்லவா.

நாலாம் நாள் லுஹருக்கு வுழூச் செய்யும்போது பேத்திதான் கண்டாள். "வாப்பும்மா, காலில ரத்தம்" என்று கத்தினாள். குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவந்திருந்தது. மாமிக்கு வலியே தெரியவில்லை. சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள் மெத்தை கையோடு வந்துவிட்டது. அதற்கடியில் கட்டியாகக் காய்ந்துபோன பசை. பின்பக்கத்தில் துணி மடிந்து நகம்போல விறைத்து நின்றது. உணர்ச்சியுள்ள கால் என்றால் முதல் பத்து அடியிலேயே கழற்றி எறிந்திருக்கும்.

சகோதரிகளே, நீரிழிவில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் பாதத்தின் நரம்புகள் பழுதுபடும். வலி என்பது உடம்பு நமக்கு அனுப்பும் செய்தி. அது வராமல் நின்றுவிடும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்கூட ஆறாமல் ஆழமாகும், கிருமி பிடிக்கும். விரலை, சில நேரம் காலையே எடுக்க நேர்ந்தவர்களை நமது ஊரிலேயே பார்த்திருக்கிறோம். மாமிக்கு அல்ஹம்துலில்லாஹ் அந்த அளவுக்குப் போகவில்லை. ஐந்து வாரம் மருந்து கட்டினோம். நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாயின் கணக்கு அங்கே முடிந்துவிட்டது. ஆட்டோக் கூலி, இழந்த நாட்கள், இரவில் வந்த பயம் எல்லாம் வேறு கணக்கு.

மருந்து கட்டிய தாதி சொல்லித் தந்ததை இங்கே எழுதிவிடுகிறேன், பலருக்கும் உதவும். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் தினமும் ஒருவர் அவரது பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். வுழூச் செய்த பின் விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும். சப்பாத்தோ செருப்போ, போடுமுன் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். புதியதை முதல் நாளே முழு நாளும் போடக்கூடாது. பாதணி வாங்குவதென்றால் மாலையில் போக வேண்டும். பகல் முழுதும் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. இதில் ஒன்றையாவது ஒன்லைனில் செய்ய முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிறகுதான் பெட்டியை ஒழுங்காக ஆராய்ந்தோம். பெட்டியில் இருந்த மாதிரி இலக்கம் ஒன்று, சப்பாத்தின் உள்ளே தைத்திருந்த சீட்டில் வேறொன்று. அசலில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 'நைக்கி'யிலும் அப்படித்தான். 'அடிடாஸ்' என்றால் இன்னொரு அடையாளம் உண்டு. இடது, வலது சப்பாத்துகளின் உள்சீட்டில் தொடர் இலக்கம் வெவ்வேறாக இருக்கும். இரண்டிலும் ஒரே இலக்கம் இருந்தால் ஒரே சீட்டைப் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் நல்ல போலிகளில் இதையெல்லாம்கூடச் சரியாகச் செய்து விடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் பூத்தியான் என்றொரு நகரம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குச் சப்பாத்துச் செய்து கொடுத்துத் தொழில் கற்ற ஊர். கற்ற கையைக் கொண்டே போலியும் செய்து உலகப் பெயர் எடுத்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் உலகில் நடந்த போலிப்பொருள் வணிகம் 467 பில்லியன் டொலர் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகமும் கணித்திருக்கின்றன. பிடிபட்டவற்றில் 62 சதவீதம் உடுப்பு, பாதணி, தோற்பொருள். பெரும்பாலும் சின்னச் சின்னப் பொதிகளாக வருகின்றனவாம். எங்கள் வாசலுக்கு வந்தது போல.

விற்றவருக்கு எழுதினோம். முதல் நாள் "பார்க்கிறோம் சகோதரி" என்றார்கள். இரண்டாம் நாள் "பாவித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்றார்கள். மூன்றாம் நாள் அந்தப் பக்கமே எங்களுக்குத் திறக்கவில்லை.

இனி நான் எழுத வெட்கப்படும் பகுதிக்கு வருகிறேன். மச்சி அந்தச் சப்பாத்தைத் துடைத்து, மெத்தையை ஒட்டி, அழகாகப் படமெடுத்தாள். "இரண்டு தரம்தான் போட்டது என்று சொல்லி மூவாயிரத்துக்குப் போடுவம். யாராவது எடுப்பாங்க" என்றாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். போன காசில் பாதியாவது வரட்டும் என்று எனக்கும் உள்ளே ஒரு ஆசை.

மாமி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்தார். "என்ன பெயர் போட்டு விற்கப் போறாய்?" என்று கேட்டார்.

"பெட்டியில இருக்கிற பெயர்தான், உம்மா."

"அப்ப உனக்குச் செய்ததை நீ இன்னொரு மனுசிக்குச் செய்யப் போறாய்."

வேறொன்றும் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு பழைய கதை ஒன்றைச் சொன்னார். 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் எல்லோரையும் வெளியேறச் சொன்ன அந்த நாள் வரைக்கும், என் மாமனாருக்குக் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு சின்னப் புடவைக் கடை இருந்தது. நெசவில் பிழையுள்ள சேலை வந்தால் மடிப்பின் உள்ளே மறைக்க மாட்டாராம். பிழை மேலே தெரியும்படி மடித்து வைப்பாராம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம். மாமனார் அதைக் கேட்டதோடு நிற்காமல் சேலை மடிப்பில் கடைப்பிடித்திருக்கிறார். அந்தக் கடையையும் சேலைகளையும் விட்டுவிட்டுத்தான் புத்தளம் போனார்கள். அப்போது மாமியின் காலில் இருந்தது ஒரு சோடி பாட்டா.

"அப்ப ஏழைகள் யாருக்காவது கொடுப்பமா?" என்றாள் மச்சி, குரல் இறங்கி.

"ஏழைக்குக் கால் வேறயா?" என்றார் மாமி.

சட்டமும் மாமியின் பக்கம்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டப்படி போலி வர்த்தகக் குறியிட்ட பொருளை விற்பதும் விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றம். ஏமாந்து வாங்கியவருக்கு உள்ள பாதுகாப்பு வேறு சட்டத்தில் இருக்கிறது. அதே ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. தொலைபேசி இலக்கம் 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். நாம் இன்னும் கச்சேரி என்றே சொல்லும் மாவட்டச் செயலகத்தில் அதற்கு அலுவலகம் உண்டு. கைத்தொலைபேசிச் செய்திகள் சாட்சியாகாது என்று பலர் நினைக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு அப்படியல்ல. விளம்பரத்தையும், நீங்கள் கேட்டதையும், அவர்கள் 'ஒரிஜினல்' என்று எழுதியதையும் வாங்கும் அன்றே படமாக எடுத்து வையுங்கள். நாங்கள் பிந்தி எடுத்ததால் விளம்பரம் எங்களிடம் இல்லை, செய்திகள் மட்டுமே இருந்தன. பெட்டியைத் திறக்கும்போதும் ஒருவரைப் பக்கத்தில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். குறை கண்டால் அதற்குப் பிறகு ஒரு தரமும் போடாதீர்கள். குறை தெரிந்தும் பாவித்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும் என்பது நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களிலும் உள்ளதுதான்.

முகவரி இல்லாத விற்பனையாளரைப் பிடிப்பது அதிகாரிகளுக்கும் இலேசல்ல. எங்களுக்கு இருந்த ஒரே பிடி, கொரியர் உறையில் அனுப்பியவர் இடத்தில் அச்சடித்திருந்த தொலைபேசி இலக்கம். உறையை நான் குப்பையில் போட்டிருந்தேன். பேத்தி அதில் படம் கீறுவதற்காக எடுத்து வைத்திருந்தாள். பூனையும் பிறையும் கீறிய அந்த உறையோடுதான் முறைப்பாடு போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. சப்பாத்து பெட்டிக்குள் இருக்கிறது, சாட்சியாக.

புண் ஆறிய பிறகு ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு மாமியை நகரத்துக்குக் கூட்டிப் போனேன். உலகப் பெயர் எதுவும் இல்லாத, நமது நாட்டிலேயே செய்த, பின்பக்கம் பட்டி வைத்த மிருதுவான செருப்பு ஒன்றைக் கடைக்காரப் பையன் எடுத்து வந்தான். மாமி காலை நீட்டவில்லை. செருப்பைக் கையில் வாங்கி, விரலால் உள்ளே மூலைமூலையாகத் தடவினார். பையன் முதலில் சிரித்தான். பிறகு இரண்டாவது சோடியைத் தானே ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "இதில ஒரு நூல் தடிப்பா இருக்கு உம்மா, வேற எடுக்கிறன்" என்று உள்ளே போனான்.