குடம் அடிப்பவருக்கும் பெயர் உண்டு

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கோயில் கொடை விழா நோட்டீஸ்களில் வில்லுப்பாட்டுக் குழுவினர் அனைவரின் பெயரையும் போட வேண்டும் என்றால், "பாடுறவர் பேர் போதாதா? மத்தவங்க கூலிக்கு வந்தவங்கதானே" என்கிறார்கள். அப்படியானால் பாடுகிறவரும் கூலிக்கு வந்தவர்தான்.

மேடையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டினால் மணிகள் குலுங்கும், சரி. அந்த வில்லைத் தாங்கும் குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழுகிற கனத்த ஓசைதான் கதைக்கு நடை தருகிறது. உடுக்கை அழவைக்கிறது. இடத்தே, அதாவது இடப்பக்கம் இருந்து, பாடுகிறவர் "ஆமா" போட்டு, அடியை வாங்கித் திருப்பிப் பாடும் அந்த நேரத்தில்தான் அண்ணாவி மூச்சு விடுகிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார். விடிய விடிய ஒருவர் தனியாகப் பாடிக் காட்டட்டும், பார்ப்போம்!

மேடைக்கு வராதவர்கள் இன்னும் அதிகம். குடம் வனைந்த வேளார், வில்லுக்கு வைரம் பாய்ந்த பனை தேர்ந்தவர், கதையை ஏட்டில் பெயர்த்து எழுதியவர். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை, வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பிக்க முடிந்தது, அதைக் காத்து வைத்தவர்கள் இருந்ததால்தான்.

நாகஸ்வரத்திலும் இதே கதைதான். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழையும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை இன்றும் கொண்டாடுகிறோம். அதன் ஊதுவாயான சீவாளியைச் செய்த கையை யாரும் கேட்டதில்லை.

நன்கொடையாளர் பட்டியலுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிற நோட்டீஸில் ஐந்தாறு கலைஞர் பெயருக்கு இடமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். வரும் கொடைக்கே அச்சிடுங்கள். பொன்னாடையையும் குடக்காரரிடமிருந்து தொடங்குங்கள்.