குற்றம் குருதியில் உள்ளதா?

குமுகாய நெறியை ஒருவன் மீறுகின்றான் எனின், அதற்குக் கரணியம் அவன் குருதியில் உள்ளதா, அவனைச் சூழ்ந்த குமுகாயத்தில் உள்ளதா? குருதியில்தான் என்றார் இத்தாலிய மருத்துவர் இலொம்புரோசோ. பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டையும் தாடையையும் கொண்டே அறியலாமென 1876-இல் அவர் நூலெழுதினார். அவர்க்கு ஐந்தாண்டு முன்னரே, மண்டையோட்டை அளக்கும் தொல்லைகூட இன்றி, முழு இனங்களையே பிறவிக் குற்றவாளிகள் ஆக்கிற்று இந்தியாவை ஆண்ட வெள்ளையன் சட்டம். குற்றப்பரம்பரைச் சட்டம் என (இழிவு போதாதென்று வடசொல்லும் ஒட்டி) வழங்கும் 1871-ஆம் ஆண்டுச் சட்டமே அது.

தச்சன் மகன் தச்சனாதல் போலக் கள்வன் மகன் கள்வனாவான் என்பதே அதன் அடிப்படை. வெள்ளையன் இதனை யாரிடம் கற்றான்? பிறப்பால் தொழிலும் தொழிலால் உயர்வு தாழ்வும் வகுத்த ஆரிய வருணநெறியாரிடமே கற்றான்!

சென்னை மாநிலத்திற்கு அச்சட்டம் 1911-இல் நீட்டப்பெற்றது. பிறமலைக் கள்ளர், குறவர் முதலிய இனத்தார் விரல்வரி பதிய வேண்டும். இரவில் காவலர் கண்முன் கிடக்க வேண்டும். வெளியூர் செல்ல ஒப்புச்சீட்டுப் பெறவேண்டும். விரல்வரி பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் காவலர் துமுக்கியாற் சுட்டதில், பெண்ணொருத்தி உள்ளிட்டு 16 பேர் மாண்டனர்.

இக்கள்ளர் யார்? ஊர்க்காவல் புரிந்து காவற்கூலி பெற்றவர். களவுபோன பொருளை மீட்டுத் துப்புக்கூலி பெற்றவர். ஆங்கிலேயர் அக்காவன்முறையை ஒழித்துத் தம் காவல்துறையை நிறுவினர். வானம் பார்த்த மண்ணில் பிழைப்பிழந்தவன் என் செய்வான்? அமெரிக்கக் குமுகவியலறிஞர் மெர்ட்டன் 1938-இல் எழுதியது ஈண்டு முற்றும் பொருந்தும். எல்லார்க்கும் ஒரே குறிக்கோளைக் காட்டும் குமுகாயம், அதனை எய்தும் நேர்வழியைச் சிலர்க்கே திறந்துவைத்தால், வழியடைபட்டவருட் சிலர் குறுக்குவழி தேடுவர் என்றார் அவர். இதிற் குருதிக்கு என்ன வேலை?

பெக்கர் என்னும் அமெரிக்கர் 1963-இல் இன்னும் ஆழச் சென்றார். நெறியை வகுத்து அதனை இன்னார்மேல் ஏவுவோரே மீறலையும் ஆக்குகின்றனர் என்பது அவர் கொள்கை. கள்வன் எனப் பெயர் சூட்டப்பெற்றவனுக்கு நேர்மையான பிழைப்புகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. இரவெல்லாம் காவலர்முன் கிடப்பவன் வயலுக்கு நீர்பாய்ச்சுவது எப்போது? ஒப்புச்சீட்டின்றி ஊரெல்லை தாண்டலாகாதவன் கூலிவேலை தேடுவது எங்ஙனம்? கள்வனை அடக்க வந்ததாகச் சொன்ன சட்டம், உழவனையும் களவின்பாற் தள்ளியது.

எனினும் பெக்கர் கூற்றை முழுமையாக ஏற்பதற்கில்லை. யார் பெயரிடாவிடினும் கொலை கொலையே. வழியடைபட்டார் எல்லாரும் திருடுவதுமில்லை. பெரும்பாலார் பட்டினி கிடக்கின்றனர். துறவோர் மட்டுமே வாழும் மடத்திலும் சிறுபிழைகள் பெருங்குற்றமாக எண்ணப்படும் என்று பிரெஞ்சு அறிஞர் துர்க்கேம் 1895-இலேயே காட்டினார். மீறலே இல்லாத குமுகாயம் யாண்டும் இல்லை. ஆயின், மீறல் ஓர் இனத்திற்கே உரியதென்பதற்கு இவர்களுள் எவரிடத்தும் சான்றில்லை.

அச்சட்டம் சென்னை மாநிலத்தில் 1947-இல் நீங்கிற்று. இந்தியா முழுமைக்கும் 1952 ஆகத்து 31-இல் நீங்கிற்று. சீர்மரபினர் என்னும் நல்ல தமிழ்ப்பெயரும் அம்மக்கட்கு வாய்த்தது. ஆனால், 1948-இலேயே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று சென்னையில் புகுந்துவிட்டது! ஊரில் களவு நிகழ்ந்தால் குறவர் குடியிருப்பை நோக்கி முதலில் நடக்கும் காவலர் கால்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. காவலரை மட்டும் நொந்து என் பயன்? ஒரு சிறுவனின் எழுதுகோல் காணாமற்போனால், "அவன் இனம் என்ன?" என்று ஆசிரியர் அறையில் வினவுவோர் நம்முள்ளும் உளர். அவ்வினாவை எழுப்பும் உடனாசிரியரை அங்கேயே, அப்போதே, முகத்துக்கு நேரே கண்டிக்குமாறு இவ்விதழ் படிக்கும் ஆசிரியர் அனைவரையும் கேட்டுக்கொள்கின்றேன்.