அடிக்குறிப்பில் நின்ற பெயர்

அணுக்களின் இயல்பைக் கணனிக்குக் கட்டளைகளாக எழுதிக்கொடுத்து, அவற்றின் அசைவை அதன் வாயிலாக அறிவது இன்று பௌதிகவியலாருக்குப் பழகிய தொழில். அதன் தொடக்க வரலாற்றிலே நேயர்கள் அறியவேண்டிய பெயரொன்று உண்டு.

அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் 1953ஆம் ஆண்டளவில் பேர்மி, பாஸ்தா, உலாம் என்னும் அறிஞர் மூவர் ஒரு வினாவை எழுப்பினர். திண்மமொன்றின் அணுக்களைப்போல, விற்சுருள்களாற் பிணைந்த துணிக்கைகள் வரிசையாக நிற்கின்றன. இழுபடும் அளவுக்குச் சரிவிகிதமாக விசை கூடாதவை அவ்விற்கள். அவ்வரிசையை ஒருவகை அதிர்விலே ஆட்டிவிட்டால், நாளடைவில் அச்சத்தி எல்லா அதிர்வுகளுக்கும் பரவுமன்றோ? பரவுமென்றே மூவரும் எதிர்பார்த்தனர்.

‘மனியாக்’ என்னும் கணனிக்கு இதனைக் கட்டளைகளாக்கிக் கொடுத்தவர் மேரி சிங்கூ என்னும் பெண்மணி. 64 துணிக்கைகள் வரை, ஒவ்வொன்றின் நிலையையும் கணத்துக்குக் கணம் அது கணித்தது. விடையோ விந்தையாயிற்று! வேறு சில அதிர்வுகளுக்குச் சென்ற சத்தி, பின்னர் ஏறக்குறைய முழுவதும் தொடங்கிய அதிர்வுக்கே மீண்டது.

புதிய ஆராய்ச்சிகளுக்கு வித்திட்ட 1955ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியோராக அம்மூவரே குறிக்கப்பட்டனர். மேரிக்கு அடிக்குறிப்பிலே நன்றி கூறப்பட்டது. புதிரும் மூவர் பெயராலேயே நெடுங்காலம் வழங்கிற்று. 2008இல் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். இன்று பலர் நால்வர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர்.

எதிர்பாராத விடை வரும்போது எவரும் முதலில் ஐயுறுவது கட்டளைகளையே. அவை செம்மையாக அமைந்தமையாலன்றோ இயற்கையின் புதுமையொன்று புலனாயிற்று! அச்செம்மைக்கு உரியவரின் பெயர் அடிக்குறிப்பிலிருந்து மேலேறியது நீதியே.