அசோசியேஷன் என்கிற புது ஊர்

கட்டுப்பாடு என்றாலே நமக்கு ஊர்க்கட்டுப்பாடுதான் ஞாபகம் வரும். ஊர் கூடும், தீர்ப்புச் சொல்லும், சேரி கைகட்டிக் கேட்கும். அந்த ஊர் இப்போது லிஃப்ட் வைத்த கட்டிடத்துக்குக் குடிவந்திருக்கிறது. பெயர், வீட்டு உரிமையாளர் சங்கம்.

நான் ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். வீடு பேங்க் லோனில் வாங்கியது. பத்திரம் என் பேரில். மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுகிறேன். சங்கத்தின் விதிப்புத்தகத்தில் சாதி என்ற வார்த்தையே கிடையாது. அதுதான் அதன் சாமர்த்தியம்.

பொது இடத்தில் விழா கூடாது என்பது விதி. பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடலாம், மைக் செட் கட்டலாம்; அது 'நம்ம கல்ச்சர்'. ஏப்ரல் 14க்கு அம்பேத்கர் படம் வைக்கக் கேட்டால், 'இங்க பாலிடிக்ஸ் வேணாம் சார்'. சாருக்கு மட்டும் குறைச்சலில்லை. பால்கனியில் துணி காயப்போடக்கூடாது என்பதும் விதி. மேல்வீட்டில் பட்டுப்புடவை காயும். கீழே என் யூனிபார்ம் காய்ந்தால் நோட்டீஸ். கருவாடு வறுத்தால் கதவு தட்டுவார்கள். சாம்பிராணிப் புகைக்கு எந்தக் கதவும் தட்டப்படுவதில்லை.

விதி எழுத்தில் இருக்கிறது, விலக்கு வாயில் இருக்கிறது. சாதி அந்த விலக்கில்தான் குடியிருக்கிறது.

இது நேற்று முளைத்ததல்ல. இந்த வட்டாரம் பூராவும் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் அதன் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். குடிசை போட்ட மனைகூட மிராசுதார் பிடியில் இருந்தது; எதிர்த்தால் கிளப்பிவிடுவார்கள். அதைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. பட்டா இல்லாதவனை மிராசு விரட்டியது. பத்திரம் உள்ளவனை விரட்ட முடியாததால், நச்சரித்தே கிளப்பப் பார்க்கிறது சங்கம்.

1917இல் பரோடாவில் பார்சி விடுதியில் தங்கிய அம்பேத்கரைத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். 2005இல், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் விதி செல்லும் என்றது உச்சநீதிமன்றம். சங்கம் சேரும் சுதந்திரமாம்! தீர்ப்பு ஒரு சிறுபான்மையினருக்கு. அதன் நிழலில் ஒதுங்குகிறவன் பெரும்பான்மை. 88 வருஷத்தில் தடி, பைலா ஆகிவிட்டது.

சட்டம் இல்லையா? 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் எந்த இடத்திலும் ஒருவர் வீடு வாங்குவதை, குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் 'உன்னை உள்ளே விடமாட்டேன்' என்று இன்றைக்கு எவன் சொல்கிறான்? உள்ளே விட்டுவிட்டு விதியைக் காட்டுகிறான். 2022இன் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சங்கத்துக்கும் துணைவிதிக்கும் அதில் இடமிருக்கிறது. விலக்குக்குக் கணக்குக் கேட்பது யார்?

தோழர்களே, நம்மிலேயே சிலர் 'வீடு வாங்கினவன் தப்பிச்சவன், இது மிடில்கிளாஸ் பிரச்சினை' என்கிறார்கள். கிராமத்தைவிட்டு வெளியே வா என்று சொல்லி வந்தவனை, வந்த இடத்தில் தனியாக விட்டுவிடலாமா?

நோட்டீஸ் வந்தால் பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எந்த விதி, இதே விதிக்கு இதுவரை யார் யாருக்கு அபராதம், யார் யாருக்கு மன்னிப்பு என்று எழுதிக் கேளுங்கள். பொதுக்குழுவில் அபராத நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கமிட்டிக்கு நில்லுங்கள். விலக்கையும் எழுத்தில் போடட்டும். எழுதக் கை கூசுகிறதென்றால், கூசுவது எது என்று எல்லோருக்கும் தெரியட்டும்.