ஒற்றன் ஆன வைரஸ்

ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஜீன்கள். எது எப்போது வேலை செய்கிறது? 1970-களில் இதைக் கண்டறிவது பெரும்பாடு. ஒவ்வொரு ஜீனும் தயாரிக்கும் புரதம் வேறு, அதை அளக்கும் முறையும் வேறு. பல ஜீன்களுக்குப் புரதம் எது என்றே தெரியாது.

கைகொடுத்தது ஒரு வைரஸ். 1963-ல் ஏ.எல். டெய்லர் விவரித்த 'மியூ', பாக்டீரியாவைத் தாக்கும் இனம். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஏறக்குறைய எந்த இடத்திலும் தன்னைச் செருகிக்கொள்ளும். செருகிய இடத்திலுள்ள ஜீன் உடைந்துபோகும்.

இந்தப் போக்கிரித்தனத்தையே 1979-ல் மால்கம் கசாடபனும் ஸ்டான்லி கோஹெனும் வேலைக்கு வைத்தார்கள். பால் சர்க்கரையைச் சிதைக்கும் என்ஸைமுக்கான 'லாக்' ஜீனை, அதன் சுவிட்சை நீக்கிவிட்டு, மியூவின் ஒரு முனையில் பொருத்தினார்கள். கூடவே ஆம்பிசிலினை எதிர்க்கும் ஜீன். ஆகவே மியூ நுழைந்த பாக்டீரியா மட்டுமே ஆம்பிசிலின் கலந்த தட்டில் பிழைக்கும். சரியான திசையில் ஒரு ஜீனுக்குள் அது செருகிக்கொண்டால், அந்த ஜீனின் சுவிட்சே லாக்கையும் இயக்கும். எக்ஸ்-கால் என்ற பொருளைத் தட்டில் கலந்தால் பாக்டீரியாக் கூட்டம் நீலமாகும். நீலம் என்றால் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சிக்கலும் இருந்தது. வெப்பம் கூடினால் மியூ மறுபடி தாவ ஆரம்பிக்கும். 1984-ல் தாவும் ஜீன்களை நீக்கிய புதிய வகைகளைக் கசாடபன் குழு உருவாக்கியது.

அதற்குள் ஒற்றன் துப்பு கொடுத்துவிட்டான். 1980-ல் சிந்தியா கென்யன், கிரஹாம் வாக்கர் இருவரும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் மைட்டோமைசின் மருந்தைத் தட்டில் கலந்தார்கள். மருந்து இருந்தால் மட்டும் நீலம் கூடிய கூட்டங்களைப் பொறுக்கினார்கள். ஆபத்தில் விழிக்கும் ஜீன்கள் ஐந்து இடங்களில் பிடிபட்டன. அவற்றில் ஒன்று 'டின்-பி'. அதன் வேலை 1999-ல்தான் தெளிவானது: தப்பும் தவறுமாகவாவது டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் என்ஸைமை அது தயாரிக்கிறது. அதன் உறவுக்கார ஜீன் மனிதனிடமும் உண்டு.

பலன் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 1982-ல் பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் விஞ்ஞானிகள், ஆபத்தில் விழிக்கும் இன்னொரு ஜீனோடு லாக்கை இணைத்த பாக்டீரியாவைச் சோதனைக் கருவியாக்கினார்கள். ஒரு ரசாயனம் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துமா என்பதைச் சில மணி நேரத்தில் நிறம் காட்டிவிடும். ஆனால் நிறம் மாறவில்லை என்பதற்காக மட்டும் எந்த ரசாயனத்துக்கும் நற்சான்று தந்துவிட முடியாது. புற்றுநோய்க்கு டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்காத வழிகளும் உண்டு.